கூட்டா, கம்பெனியா?

அண்ணனும் தங்கையும் பதினொரு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறார்கள். ஒரே வேன், ஒரே கருவிப்பெட்டி. பில் மட்டும் தனித்தனி. எந்தக் கட்டடத்தின் சர்வீஸ் ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் பில். மேலே மோட்டார் அறையில் அவர் நின்றால், கீழே குழிக்குள் இவள் இறங்குவாள். ஒருவர் குரலை நம்பித்தான் மற்றவர் கையை உள்ளே விடுவார். அப்பேர்ப்பட்ட அண்ணன்மேல் அவளுக்குச் சந்தேகம் வந்தது ஓர் ஆஸ்பத்திரியால்.

அந்தப் பெரிய ஆஸ்பத்திரி தன் ஆறு லிஃப்டுகளையும் இவர்களிடமே தருவதாகச் சொன்னது. ஒரே நிபந்தனை, இரண்டு பேரும் ஒரே பெயரில் வர வேண்டும்.

"பார்ட்னர்ஷிப் போட்டுடலாம்ணே. ஒரு பத்திரம், ரெண்டு கையெழுத்து, வேலை முடிஞ்சுது" என்றாள்.

அவர் ஸ்பானரைத் துடைத்தபடி, "அது வேணாம். பிரைவேட் லிமிடெட் கம்பெனியா ஆரம்பிப்போம்" என்றார்.

"நீயா சொல்ற? பில் எழுதச் சொன்னாலே உனக்குக் கொட்டாவி வரும். கம்பெனின்னா வருஷா வருஷம் கட்டுக்கட்டா பேப்பர்."

"நான் பாத்துக்கறேன். எழுபது பங்கு உன் பேர்ல, முப்பது என் பேர்ல."

அங்கேதான் அவளுக்குச் சுருக்கென்றது. கடைசி வடைக்குக்கூடச் சண்டை போடுகிற அண்ணன், கேட்காமலே எழுபது தருகிறாராம்! எதையோ தலையில் கட்டிவிட்டு நழுவப் பார்க்கிறாரா?

அதற்கப்புறம் பார்த்ததெல்லாம் சந்தேகமாகவே தெரிந்தது. போன் வந்தால் வேனைவிட்டு இறங்கிப் போய்ப் பேசினார். யார் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, லோன் வேணுமான்னு கேக்கறாங்க" என்று மழுப்பினார். லோன்காரனிடம் யாராவது அரை மணி நேரம் பேசுவார்களா? ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனபோது அண்ணி எதையோ படித்துக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் நீளமான ஓர் உறையைச் சட்டென்று ஃபிரிட்ஜ் மேல் செருகினாள். "காபி போடவா?" என்று கேட்ட குரலில் தேவைக்கு மேல் பாசம் இருந்தது.

மறுநாள் அண்ணனிடம் சொல்லாமல் ஆடிட்டரைப் பார்க்கப் போனாள். ஆடிட்டர் இவள் வயதுப் பெண்தான். கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசுகிறவள்.

"பார்ட்னர்ஷிப்ல ஒருத்தர் செய்யற தப்பு ரெண்டு பேர் தலையிலயும் விழும். தொழில்ல பிரச்சனைன்னா உங்க சொந்த வீடு வரைக்கும் வரும். கம்பெனின்னா அது தனி ஆள் மாதிரி. கம்பெனி கடனுக்குப் பொதுவா கம்பெனி சொத்துதான் பதில் சொல்லும். அதுக்காக, கவனக்குறைவா வேலை செஞ்சவங்க தப்பிச்சுட முடியாது."

"எழுபது பங்கு எனக்குன்னு ஏன் சொல்றாரு?"

ஆடிட்டர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "அவர் மேல ஏற்கெனவே ஏதாவது கேஸ் இருக்கா? தோத்துட்டா அவரோட பங்கு மேலயும் கை வைப்பாங்க. அதனால சில பேர் தன் பேர்ல கம்மியா வச்சுக்குவாங்க. கேஸை மறைச்சுட்டு அப்படிச் செஞ்சா அதுவே வம்பாகும். போய் நேரா கேளுங்க."

அவள் வண்டியை அண்ணன் வீட்டுக்கு விட்டாள். அவர் இல்லை. நேராக ஃபிரிட்ஜ் மேலிருந்து உறையை எடுத்தாள். அண்ணி தடுக்கவில்லை. "படி. என்னால இதுக்கு மேல மறைக்க முடியல" என்றாள்.

வக்கீல் நோட்டீஸ். நான்கு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில், லிஃப்ட் கதவு முழுதும் மூடும் முன்பே கூண்டு நகர்ந்து, கூரியர் கொண்டுவந்தவருக்கு இரண்டு விரல் நசுங்கியிருந்தது. அதற்கு முந்தைய வாரம் கதவுப் பூட்டைச் சரிபார்த்ததாக சர்வீஸ் புத்தகத்தில் அண்ணனின் கையெழுத்து.

சர்வீஸ் செய்த தேதியை அவள் இரண்டு முறை படித்தாள். அன்று அண்ணன் இடுப்புப் பிடித்துக்கொண்டு கட்டிலில் கிடந்தார். அந்தக் கட்டடத்துக்குத் தனியாகப் போனது அவள். ஒப்பந்தம் அவர் பெயரில் இருந்ததால், புத்தகத்தில் அவர் பிறகு போய்க் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அவர் வந்ததும், செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை.

"ஏண்ணே எங்கிட்ட சொல்லல?"

அவர் உறையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "சொன்னா அடுத்த தடவை குழிக்குள்ள இறங்கும்போது உன் கை நடுங்கும். நம்ம வேலையில கை நடுங்கினா என்ன ஆகும்னு உனக்கே தெரியும்."

"நான் உன்னைத் திருடன்னே நெனச்சுட்டேன்."

"தெரியும். ரெண்டு வாரமா கருவிப்பெட்டியைப் பூட்டி வைக்கறியே."

அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அந்த லிஃப்ட் கதவுப் பூட்டின் கொக்கி தேய்ந்திருந்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. மாற்றாமல், இறுக்கிவிட்டு வந்திருந்தாள். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று.

விபத்து பற்றி லிஃப்ட் ஆய்வு அதிகாரி நடத்திய விசாரணையில், அண்ணன் வாயைத் திறக்கும் முன் அவள் எழுந்தாள். "வேலை செஞ்சது நான். கொக்கியை மாத்தியிருக்கணும்" என்றாள். அதிகாரி தேய்ந்த கொக்கியை மேசைமேல் வைத்து, நெடுநேரம் கேள்வி கேட்டார். ஆறு மாதம் அவள் தனியாக எந்த லிஃப்டிலும் கை வைக்கக்கூடாது என்று உத்தரவானது. செய்யாத வேலைக்குக் கையெழுத்துப் போட்டதற்கு அண்ணனுக்குக் கண்டனம். கூரியர்காரரின் வைத்தியச் செலவை இருவரும் கட்டட உரிமையாளரும் சேர்ந்து ஏற்றார்கள். அவள் கூரியர்காரர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டபோது, அவர் கட்டுப்போட்ட கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

அதெல்லாம் தீர்ந்த பிறகுதான் கம்பெனியைப் பதிவு செய்தார்கள். பங்கு ஐம்பதுக்கு ஐம்பது. வேலை செய்தவர் பெயரில்தான் கையெழுத்து என்பதை விதியாகவே எழுதச் சொன்னாள். ஆடிட்டர் தட்டச்சு செய்துகொண்டே, "இன்னும் உங்களுக்குள்ள நம்பிக்கை வரலையா?" என்று கேட்டாள்.

"அவர் மேல வந்துடுச்சு. என் மேலதான் இன்னும் வரல" என்றாள் அவள். அண்ணன் பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார்.