சித்திக்கு ஓர் ஆட்சியாண்டு

1

இந்தக் கதை 'ஆட்சியாண்டு' என்ற சொல்லிலிருந்து வந்தது. எழுத ஒன்றும் ஓடாமல் அகராதியைப் புரட்டியபோது கண்ணில் பட்டது. மன்னன் பட்டமேறியதிலிருந்து எண்ணும் வருடக் கணக்கு. கல்வெட்டில் 'யாண்டு' என்றிருக்கும். அது தேய்ந்து ஆண்டு. ஆள்வது ஆட்சி. இதில் கதைக்கு என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள், நானும் அதைத்தான் கேட்டேன்.

2

அகராதி அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருத்தியை உருவாக்கினேன். அந்தச் சொல்லுக்குப் பொருள் எழுதிவிட்டாள். எடுத்துக்காட்டு வாக்கியம்தான் அகப்படவில்லை. விடுமுறை நாளிலும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து (அப்போது கனவில் ஏழு மன்னர்கள் வரிசையாக... வேண்டாம், அடித்துவிட்டேன்) பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். டீ கொண்டுவந்து வைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அப்பாவின் இரண்டாம் மனைவியை, அவள் சித்தியை, உள்ளே விட்டேன். வைத்துவிட்டுப் போயிருக்கலாம். என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள்.

மகள் பொருளைச் சொன்னாள். சித்தி யோசித்தாள்.

"அப்போ பட்டம் கட்டாமலே ஆண்டுட்டுப் போனவங்களுக்கு எந்தக் கணக்கு?"

அது அகராதியில் இல்லை என்றாள் மகள். அகராதிக்காரர்கள் அப்படித்தான் தப்பிப்பார்கள்.

3

அந்த வீட்டில் எல்லாமே அம்மா கணக்கு. மாடி எடுத்தது அம்மா போய் இரண்டாம் வருஷம். தம்பி கல்யாணம் ஆறாம் வருஷம். சித்தி வாழ வந்ததே அம்மா போன மறுவருஷம்தான். (அவளும் 'அக்கா போய்' என்றுதான் எண்ணுவாள்.) செத்தும் அரியணையை விட்டு இறங்காத ராணி.

[ஒருநாள் சித்தி கண்ணைத் துடைத்தபடி] இல்லை, அவள் அழுகிற ஆள் இல்லை. எனக்குத்தான் பாவமாக இருக்கிறது. இத்தனை காலம் வீட்டைக் கட்டி ஆண்டவளுக்குத் தன் பேரில் ஒரு வருஷம்கூட இல்லை.

4

கதையை முடிக்க ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அது சித்தி கடை கடையாக ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்த ஃப்ரிட்ஜ். பார்ட்ஸ் கிடைக்குமா என்று பார்க்கணும், எந்த வருஷம் வாங்கினது என்றார். சித்தி 'அக்கா போய் அஞ்சாம்...' என்று ஆரம்பித்து, மகளைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். துணி எடுக்கணும் என்று மாடிக்குக் கிளம்பினாள்.

மகள் சித்தியைக் கட்டிக்கொண்டு அழுவது ஒரு முடிவு. எனக்கே கூச்சமாக இருக்கிறது. தெரியவில்லை என்று அவள் கையை விரிப்பது இன்னொன்று. அதற்கு இவ்வளவு தூரம் எழுதியிருக்கவே வேண்டாம்.

மூன்றாவதை நான் எழுதப் போவதில்லை. மெக்கானிக் திருப்புளியோடு காத்திருக்கிறார். மகள் வாயைத் திறந்துவிட்டாள். பதிலை நீங்கள் சொல்லுங்கள். சித்தி பாதிப் படி ஏறிவிட்டாள், கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள்.