கூடும், கூடாது

1

இந்தக் கதை ஒரு பிழையில் பிறந்தது, பிழை என்னுடையது. நாளிதழில் பிழை திருத்துவது என் வேலை. ஊரார் எழுத்தில் குற்றம் பார்த்தவன், நுணலைப் போல என் வாயாலேயே கெட்டேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பனியில் பாதிப் பாலம் ஆற்றின் மேல் மிதந்தது. மீதிப் பாதியை யாரோ இன்னும் கனவு—’

(வேண்டாம். மீதிப் பாதிக்குத்தான் அரசு கடன் வாங்குகிறது.)

3

அக்கா சலவைக்கடை வைத்திருக்கிறாள். பாலம் முடிந்தால் அக்கரை மருத்துவமனையின் விரிப்புகளை வெளுக்கும் வேலை அவளுக்குத்தான். அதற்குப் பெரிய இயந்திரம் வேண்டும், இயந்திரத்துக்கு வங்கிக் கடன் வேண்டும். வெள்ளிக்குள் கையெழுத்திட்டால் இன்றைய வட்டியே நிலைக்கும். பாலம் முடிய வருஷமாகுமே, பிறகு வாங்கினால் என்ன என்று யோசித்தாள். நீராவிக்கு நடுவிலிருந்து போனில் கேட்டாள்:

“தம்பி, பேப்பர்ல மெய் வட்டின்னு போட்டிருக்கீங்களே, அப்ப பேங்க்ல சொல்றது பொய் வட்டியா?”

“அவங்க சொல்றது ஒம்பது. விலைவாசி ஆறு ஏறுது. மிச்சம் மூணுதான்க்கா மெய்.”

“கவர்மென்ட் பாலத்துக்குக் கடன் வாங்குதே, அந்த மூணு கூடுமா?”

“கூடாதுக்கா.”

நான் சொன்னது ஆசை: கூடவே கூடாது. அவள் கேட்டுக்கொண்டது ஆரூடம்: கூடப் போவதில்லை. வெள்ளிக்கிழமையை விட்டுவிட்டாள்.

4

(அடிக்குறிப்பு. வரி வரவுக்கு மேல் செலவழிக்கும் அரசு கடன் கேட்டு வரும். மந்தமான காலமென்றால் சேமிப்பு சும்மா கிடக்கும், பாதகமில்லை. எங்கள் ஊரில் கிடக்கவில்லை. கடனுக்கு அக்கா நின்ற வரிசையில் அரசு என்ற யானையும் வந்து நின்றது.)

5

அடுத்த மாதம் ஒன்பது பதினொன்றானது. விலைவாசி அதே ஆறு. மூன்று ஐந்தாகிவிட்டது.

முடிவு அ: அரசு பாலத்தைக் கைவிடுகிறது, வட்டி இறங்குகிறது. (விரிப்புகள் நீந்தியா வரும்?)

முடிவு ஆ: அக்கா ஐந்துக்கே வாங்குகிறாள். (விலைவாசி போக இயந்திரம் அவளுக்கு ஈட்டித் தருவதே நாலு.)

6

நேற்று கடைக்குப் போனேன். கொடியில் வெள்ளை விரிப்புகள் மெல்ல அசைந்தன. தூக்கத்தில் நடப்பவன் போல அவற்றை விலக்கிக்கொண்டு போய், அன்று நான் சொன்ன ‘கூடாது’ வெறும் ஆசைதான் என்று சொன்னேன். அக்கா ஒரு விரிப்பின் இரண்டு முனைகளை என் கையில் கொடுத்தாள். மடித்தபடியே நெருங்கி வந்தாள்.

“ஒரு கமா தப்பானாலே உனக்குச் சோறு இறங்காது. எனக்குச் சொல்றப்ப மட்டும் ஒத்த வார்த்தை போதுமாடா?”

வெட்கமாக இருந்தது. அவள் அடுத்த விரிப்பை எடுத்தாள். முனைகளை என்னிடம் நீட்டவில்லை.

கடைசி வரியை முடிக்க எனக்கு யோக்கியதை இல்லை. பேனாவை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்:

அக்கா என்னை மன்னிக்கக் கூ—