உறையைப் பிரிப்பதற்கு முன்

1

இந்தக் கதை நான் வாங்கிய ஒரு திட்டிலிருந்து பிறந்தது. அதற்கு முன் எழுதிய கதையில், மார்புப் புற்று வந்த பெண்ணைக் கடைசிப் பத்தியில் கொன்று கணவனை அழவைத்திருந்தேன். அதே நோய்க்கு அறுவை செய்துகொண்டு என்னோடு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அல்போன்சம்மாள் அக்கா அதைப் படித்துவிட்டு, சிங்கப்பூர் தேக்காவில் ஒரு கோப்பிக்கடையில் வைத்துக் கேட்டாள்: "சாகுறதைத் தவிர எங்களுக்கு வேற வேலையே இல்லையா லா?"

2

1988. மார்சிலிங் வாடகை வீட்டில், மெலிந்த தேகத்தோடு ஜன்னலோரம் படுத்தபடி அல்போன்சம்மாள்...

(அடித்துவிட்டேன். எங்கே படுத்தாள்? எட்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கிறவள்.)

3

மறுபடியும் தொடங்குகிறேன். அறுவை முடிந்து இரண்டு வருடம். அந்தப் பக்கத்துக் கையை இன்னும் அதிக நேரம் தூக்கி வைத்திருக்க முடியாது. புற்று திரும்புகிறதா என்று பார்க்க, ஆறு மாதத்துக்கொரு முறை அவள் ரத்தத்தில் ஒரு புரதத்தை அளப்பார்கள்; முப்பதுக்குள் இருந்தால் நல்லது. போன தடவை 22. இந்தத் தடவை 36. அவளுக்கு லீவு கிடைக்காததால் முடிவை வாங்கப் போனவர் கணவர் பெர்னார்ட்.

"ஒரு நம்பரை வச்சு ஒன்னும் சொல்ல முடியாது. ஈரல்ல கோளாறு இருந்தாலும் ஏறும். ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்போம்" என்றார் டாக்டர். பெர்னார்டின் காதில் விழுந்தது 36 மட்டும்தான். நேரே வீடமைப்புக் கழகத்துக்குப் போனார். தெம்பனிஸில் நாலறை வீட்டுக்கு மூன்று வருடமாகக் காத்திருந்த விண்ணப்பத்தை ரத்து செய்தார். மனைவியிடம் மூச்சு விடவில்லை.

(பெர்னார்டுக்காக ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். பயந்த மனிதர், பாசக்காரர், அவ்வளவு பெரிய வீட்டில் தனியாக எப்படி... போதும். எனக்கு எரிச்சல்தான் வருகிறது.)

4

கழகத்திலிருந்து கடிதம் வந்த அன்றுதான் அவளுக்கு எல்லாம் தெரிந்தது.

"என்னைப் புதைச்சே முடிச்சிட்டீங்களா?"

"உன் உடம்பு இருக்கிற நிலைமையில வீடு எதுக்குன்னு..."

"உங்களுக்குத் தெரியும், அந்த ஆபீஸ்காரனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அது என் ரத்தங்க!"

அடுத்த நாள் சம்பளமில்லா லீவு போட்டுவிட்டு டாக்டரிடம் தனியாகப் போனாள். பழைய தாள்களை எல்லாம் வரிசையாக வைத்துக் கேட்டாள். ஒரு எண் தீர்ப்பு ஆகாது, அடுத்தடுத்து எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும், சந்தேகம் வந்தால் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று புரிந்துகொண்டாள். பத்து நிமிடம்தான் ஆனது. அந்தப் பத்து நிமிடத்தை பெர்னார்ட் டாக்டரிடம் கேட்டிருக்கலாம்.

5

இரண்டு மாதம் கழித்து உறையை அவளே வாங்கி வந்தாள். பிரிக்கவில்லை. பக்கத்தில் புதிய வீட்டு விண்ணப்பத்தை வைத்தாள்.

"கையெழுத்துப் போடுங்க."

"ரிசல்ட்டைப் பார்த்துட்டுப் போடுறேனே, அல்போன்சா."

"பார்க்கிறதுக்கு முந்தியே போடுங்க."

28 என்று ஒரு முடிவு எழுதினேன். 61 என்று இன்னொன்று எழுதினேன். இரண்டையும் கிழித்துவிட்டேன். உங்களுக்கு எண் வேண்டும், தெரியும். பெர்னார்டும் அதைத்தான் கேட்டார்.

சொல்லமாட்டேன். அவர் கையெழுத்துப் போட்டாரா என்று மட்டும் நீங்கள் எழுதி முடியுங்கள். சீக்கிரம் எழுதுங்கள். அவள் பேனாவை நீட்டிக்கொண்டு நிற்பது அறுவை நடந்த பக்கத்துக் கையால்.