மகாராணி இன்னும் சாப்பிடவில்லை

இன்னும் ஒரு விரற்கடை தூரம்தான் பாக்கி.

சமையல்காரர் தரையில் குப்புறப் படுத்து, வலது கையைத் தோள்பட்டை வரைக்கும் பீரோவுக்கு அடியில் நுழைத்திருந்தார். கையில் நீளக் கரண்டி. கரண்டியின் நுனியில், வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்து வெதுவெதுப்பாக்கிய மீன் விழுது. உள்ளே இருட்டில் இரண்டு பச்சைக் கண்கள்.

கரண்டி நெருங்கியது. மூக்கு லேசாக விரிந்தது.

"மோந்து பாக்குறா," என்றார் உதட்டை அசைக்காமல்.

"மோந்து பாத்து என்னத்துக்கு ஆகும்? முழுங்கணும்," என்றாள் மனைவி. கதவோரம் நின்றிருந்தாள். மூக்கின் மேல் கைக்குட்டை.

பச்சைக் கண்கள் கரண்டியைப் பார்த்தன. சமையல்காரரைப் பார்த்தன. மூடிக்கொண்டன. கொழுத்த முதுகு ஒன்று சாவகாசமாக அவர் பக்கம் திரும்பியது.

"போச்சு. திரும்பிப் படுத்துட்டா."

"டாக்டரம்மா சொன்னது ஞாபகமிருக்குல்ல?"

மறக்கிற மாதிரியா சொன்னார் டாக்டரம்மா? காலையில் போனில், மழை வருமா வராதா என்று சொல்கிற குரலில் சொல்லியிருந்தார். "ஒல்லிப் பூனை பட்டினி கிடந்தா இளைக்கும். குண்டுப் பூனை பட்டினி கிடந்தா உடம்புல இருக்கிற கொழுப்பெல்லாம் ஈரலுக்குக் கிளம்பிடும். ஈரல் படுத்துச்சுன்னா பூனையும் படுத்துரும். வந்த நாள்லேருந்து எதுவும் தொடலையா? அப்ப சாயங்காலம் கிளினிக் மூடறதுக்குள்ள ஒரு தட்டாவது உள்ள போகணும். இல்லைன்னா தூக்கிட்டு வந்துடுங்க. மூக்கு வழியா குழாய் போட்டுடலாம்."

சமையல்காரர் கையை உருவிக்கொண்டு எழுந்தார். ஜன்னல் வெயில் சுவரில் பாதி ஏறிவிட்டிருந்தது.

மகாராணி என்பது அவர் வைத்த பெயர். பூனையின் சொந்தக்காரர்கள் வக்கீல் தம்பதி. அவர்கள் வைத்த பெயர் அவர் வாயில் நுழையவில்லை. இருவரும் ஏதோ வழக்கு விஷயமாக வெளிநாடு போகிறோம் என்று கூடையோடு கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். கூடையை மாடிக்கு ஏற்ற அவருக்கு மூச்சு வாங்கியது.

அவர் சாதாரணச் சமையல்காரர் இல்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சமையல்கூடத்தில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவர். உப்பில்லாத தட்டு, சர்க்கரையில்லாத தட்டு, கூழாக அரைத்த தட்டு என்று வார்டு வார்டாகத் தள்ளுவண்டி கிளம்பும். தட்டு மாறினால் உயிர் போகும். அவர் கையில் தட்டு மாறியதே இல்லை. நோயாளிகளை அவர் பார்த்ததும் இல்லை. திரும்பி வரும் தட்டைத்தான் பார்ப்பார். முழுத் தட்டு திரும்பினால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

ஓய்வு பெற்ற பிறகு மாடியில் பூனை விடுதி. மனைவிக்குப் பூனை என்றால் உயிர். வாடிக்கையாளர்களிடம் பேசுவது, நாள் குறிப்பது, கூடையோடு வாங்கி வைப்பது எல்லாம் அவள். சாப்பாடு அவர்.

அந்த மாடியும் ஒரு வார்டு மாதிரிதான் நடந்தது. பால் மறந்த குட்டிகளுக்கு வயிறு சின்னது, ஆட்டம் பெரிசு. அதனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை, எலும்பு முற்றுவதற்கென்றே வரும் குட்டித் தீனி. அடுத்த அறையில் பால் கொடுக்கிற தாய்க்காரி. அவளுக்கும் அதே குட்டித் தீனிதான், அளவே கிடையாது. தட்டு காலியானால் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். "பிள்ளைங்க உறிஞ்சினது போக இவளுக்கும் மிஞ்சணுமில்ல," என்பார். வளர்ந்ததுகளுக்குக் காலையும் மாலையும், தராசில் நிறுத்து, கெஞ்சினால் கிடைக்காது. மூலை அறையில் பென்ஷன்காரர். பல் போய், சிறுநீரகம் தளர்ந்த கிழட்டுப் பூனை. அதற்கு டாக்டரம்மா எழுதித் தந்த தீனி மட்டும், வெந்நீர் விட்டுக் குழைத்து. திரும்பின பக்கமெல்லாம் தண்ணீர்க் கிண்ணம். பென்ஷன்காரர் குட்டித் தட்டில் வாய் வைத்தால் அவருக்கு ஆபத்து, குட்டி பென்ஷன் தட்டில் வாய் வைத்தால் அதற்கு வளர்ச்சி போச்சு. ஆகவே சாப்பாட்டு நேரத்தில் அறைக்கு அறை தாழ்ப்பாள்.

பரிமாறி முடித்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு கீழே இறங்கிவிடுவார். ஆஸ்பத்திரிப் பழக்கம்.

இப்படிப்பட்டவர் கையிலிருந்துதான் முழுத் தட்டு திரும்பிக்கொண்டிருந்தது.

எல்லாம் செய்து பார்த்தாயிற்று. மீசை இடிக்காத அகலத் தட்டு வைத்தார். மலம் கழிக்கும் மணல் தொட்டியைச் சாப்பாட்டிலிருந்து தள்ளி வைத்தார். அவள் வீட்டிலிருந்தே வந்த தீனியை வைத்தார். சூடாக வைத்தார், ஆற வைத்தார். அறையில் ஆள் அரவமே இல்லாமல் பார்த்துக்கொண்டார். அது ஒன்றும் கஷ்டமில்லை. வாசல் பலகையிலேயே 'அமைதியான குடும்பச் சூழல்' என்றுதான் எழுதியிருந்தது. விளம்பரத்துக்காக எழுதியதில்லை, நிஜமே அதுதான். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் குரல் உயர்ந்ததில்லை. அவர் ஒன்று சொன்னால் அவள் "உங்க இஷ்டம்" என்பாள். அவள் ஒன்று சொன்னால் அவர் "சரிம்மா" என்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

"வக்கீலம்மாவுக்கே போன் போட்டுக் கேட்டுடுவோம்," என்றாள் மனைவி.

"சரிம்மா."

வக்கீலம்மா எடுத்தார். பின்னால் ஏதோ வெளிநாட்டு விமான நிலையத்து அறிவிப்புச் சத்தம். மனைவி போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில், தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சாப்பிடலையா? எங்க வீட்ல தட்ட நக்கிக் கழுவியே வெச்சிடுவாளே!"

"எப்படிங்க குடுப்பீங்க? பக்கத்துல உக்காந்துப்பீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"அதுக்கெல்லாம் நேரமேது? நாங்க டேபிள்ல சாப்பிடுவோம், அவ கீழ சாப்பிடுவா. நான் அப்பவே சொன்னேன், அவள எங்கம்மா வீட்ல விடலாம்னு. இவருதான் கேக்கல."

"யாரு, நானா கேக்கல?" இன்னொரு குரல் புகுந்தது. வக்கீல் ஐயா. "உங்கம்மா வீட்ல விட்டா பூனை அங்கேயே தங்கிடும். நம்ம மிக்ஸி அங்கதான் தங்கியிருக்கு!"

"மிக்ஸிய எதுக்கு இழுக்கறீங்க?"

"ஏன் இழுக்கக் கூடாது? நான் வாங்குன மிக்ஸி!"

பீரோவுக்கு அடியில் ஏதோ நகர்ந்தது.

முதலில் ஒரு காது வெளியே வந்தது. அப்புறம் முகம். அப்புறம், ஒரு தலையணை தானே நடந்து வருவதுபோல, மகாராணி முழுசாக வெளியே வந்தாள். போனில் மிக்ஸி முடிந்து, யாரோ தங்கையின் கல்யாணத்துக்குக் கொடுத்த கடிகாரம் ஆரம்பித்திருந்தது. மகாராணி தட்டின் முன் உட்கார்ந்தாள். குனிந்தாள். ஒரு வாய். இரண்டாவது வாய்.

சமையல்காரர் விரல் விட்டு எண்ணினார்.

"சரி சரி, அடுத்த விமானத்துக்குக் கூப்பிடறாங்க," என்றார் வக்கீலம்மா. போன் அணைந்தது.

மூன்றாவது வாய்க்குக் குனிந்த தலை அப்படியே நின்றது. மகாராணி போனைப் பார்த்தாள். எழுந்தாள். தலையணை பீரோவுக்கு அடியில் திரும்பிப் போயிற்று.

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவங்க வீட்ல சாப்பாட்டு நேரம்னா சண்டை நேரம்," என்றாள் மனைவி மெதுவாக. "பொறந்ததிலேருந்து சண்டை கேட்டுக்கிட்டே சாப்பிட்டிருக்கா. சத்தமில்லேன்னா சோறுன்னே தெரியல அவளுக்கு."

திரும்பவும் போன் போட்டார்கள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. விமானம் கிளம்பியிருக்கும்.

டிவியைத் தூக்கி வந்து தொடர் ஒன்றை வைத்தார்கள். மாமியாரும் மருமகளும் தொண்டை கிழியக் கத்தினார்கள். மகாராணி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நடிப்பு என்று தெரிந்துவிட்டது.

"நாமதான் போடணும்," என்றார் சமையல்காரர்.

"என்னத்தைங்க?"

"சண்டை."

இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டு உட்கார்ந்தார்கள். சமையல்காரர் தொண்டையைச் செருமினார்.

"நீ காலையில போட்ட காபி இருக்கே..."

"ஏன், என்ன அதுக்கு?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

மனைவி கண்ணை மூடித் திறந்தாள். "இருங்க, நான் போடுறேன். தெனமும் ஈரத் துண்டைக் கட்டில் மேல போடறீங்களே, அறிவிருக்கா?" கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவளுக்கே முகம் சிவந்தது.

"தப்புதாம்மா. இனிமே போடல."

"ஒத்துக்கிட்டா எப்படிங்க சண்டை வரும்?"

"சரிம்மா, ஒத்துக்கல. ஈரத் துண்டு அங்கதான் காயும்!" என்று உரக்கக் கத்தினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பூனை அசையவில்லை. பக்கத்து வீட்டு டீச்சர்தான் படியேறி ஓடி வந்தார்.

"யாரு கத்துனது? கீழ விழுந்துட்டாரா?"

"சண்டை போடறோம்," என்றாள் மனைவி.

"நீங்களா?" டீச்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னார்கள். டீச்சர் ஆச்சரியமே படவில்லை. "எங்க வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருக்காரே! அவர் மட்டும் இருந்தா, நானும் அவரும் கால் மணி நேரம் உக்காந்தோம்னா பூனை ரெண்டு சுத்து பெருத்துடும். துண்டு, காபின்னா பூனைகூட நம்பாதுக்கா. வருஷக்கணக்கா மனசுக்குள்ள அமுக்கி வெச்சிருப்பீங்கல்ல, அதுல ஒண்ண எடுத்து விடுங்க."

"எங்களுக்குள்ள அப்படி எதுவும் இல்லையே," என்றார் சமையல்காரர்.

"இல்லாத வீடு இருக்கா, அண்ணே?" என்று சொல்லிவிட்டு டீச்சர் இறங்கிப் போனார்.

வெயில் சுவரின் உச்சிக்குப் போய்விட்டது. கிளினிக் மூடும் நேரம். சமையல்காரர் பெருமூச்சு விட்டு, மூலையில் இருந்த கூடையை எடுத்தார்.

"வைங்க, நான் கொண்டு போறேன். நீங்க கையக் கழுவிக்கிட்டு வாங்க," என்றாள் மனைவி.

தினமும் சொல்கிற வார்த்தைதான். இன்றைக்கு என்னவோ சுருக்கென்றது.

"ஏன், நான் கொண்டு போனா பூனை கொறஞ்சிடுமா?"

"அதுக்கில்லீங்க. பூனையத் தூக்கிக் கூடைக்குள்ள வைக்கணுமே. தூக்கியிருக்கீங்களா என்னிக்காவது? கரண்டிய நீட்டறதோட சரி!"

"நீ மட்டும் மடியில போட்டுக் கொஞ்சறியா? மூக்குல கைக்குட்டையக் கட்டிக்கிட்டு, வாசப்படியில நின்னுக்கிட்டு!"

"அது தூசுக்கு!"

"இத்தனை வருஷமாவா தூசு? எந்த ஊர்லேருந்துடி வருது அந்தத் தூசு?"

'டி' என்ற எழுத்து அந்த வீட்டுக்குள் முதல் தடவையாக நுழைந்தது. பீரோவுக்கு அடியிலிருந்து ஒரு காது வெளியே வந்தது. இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

"என்ன சொன்னீங்க? டியா? உங்களால நான் என் தங்கச்சி பொண்ணு கல்யாணத்துக்குப் போகல. குட்டிக்கு நேரத்துக்குத் தீனி, கிழத்துக்குக் கொழகொழன்னு தீனி. வெளியூர்ல ஒரு ராத்திரி தங்கியிருக்கோமா நாம?"

"யாருக்காகடி இதெல்லாம்? உனக்காக!"

"எனக்காகவா! உங்களுக்காக!"

மகாராணி தட்டின் முன் உட்கார்ந்தாள். முதல் வாய். இரண்டாவது. மூன்றாவது. இந்தத் தடவை நிறுத்தவில்லை.

"நான் ஓய்வு வாங்கிட்டு வந்தப்ப என்ன நடந்துச்சு? ஒரே மாசத்துல கூடையும் தட்டும் வாங்கிட்டு வந்து நின்னது யாரு?"

"மொத நாள் வாசல்ல நின்ன பூனைக்கு மீன் வெச்சது யாரு?"

"அது மிச்சமான மீனு! குப்பையில போட மனசு வரல!"

"அது எனக்கெப்படித் தெரியும்? சமையல்கூடம் இல்லாம, பித்துப் பிடிச்ச மாதிரி சுவத்தப் பாத்து உக்காந்திருந்தீங்க. பூனைக்கு மீன் வெச்சப்பதான் உங்க மூஞ்சியில உயிரு வந்துச்சு. சரி, இவருக்கு ஆசை போலிருக்குன்னு கூடை வாங்குனேன். கூடை விடுதியாயிடுச்சு. நானும் பல்லக் கடிச்சுக்கிட்டு..." அவள் கைக்குட்டையை உருவித் தரையில் எறிந்தாள். "எனக்குப் பூனையே பிடிக்காதுங்க!"

சத்தம் சட்டென்று நின்றது.

அறையில் மெல்லும் ஒலி மட்டும் கேட்டது. அதுவும் நின்றது.

மகாராணி தலையைத் தூக்கினாள். மனைவியைப் பார்த்தாள். சமையல்காரரைப் பார்த்தாள். யாரும் பேசவில்லை. ஒரு முன்னங்கால் பீரோவை நோக்கி எழுந்தது.

சமையல்காரர் தட்டைப் பார்த்தார். சரியாகப் பாதி பாக்கி. அவர் கணக்கில் பாதித் தட்டும் திரும்பி வந்த தட்டுதான். மனைவியின் கலங்கிய கண்ணைப் பார்த்தார். தினமும் முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியும் போகாத ஒன்று அவர் நெஞ்சிலும் இருந்தது. இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. அவளிடம் சொன்னதே இல்லை.

மூச்சை இழுத்து, வீடே அதிரக் கத்தினார்.

"எனக்கு மட்டும் பிடிக்குமாடி? முதல் நாள்லேருந்தே பிடிக்காது!"

எழுந்த முன்னங்கால் இறங்கியது. மகாராணி மிச்சப் பாதியைத் தொடங்கினாள்.