முதலில் சொன்னவர்

தீவின் அபர்டீன் பஜாரில் காலையில் ஒருவர் தும்மினால், மாலைக்குள் வின்சென்டின் மேஜைக்கு மூன்று தகவல் வந்துவிடும். ஒன்று இந்தியில், ஒன்று பெங்காலியில், ஒன்று தமிழில். தமிழில் வருவதற்குள் தும்மியவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பார்கள். கடலில் எந்தப் படகு எங்கே திரிகிறது என்று ஊர்வாயில் வருவதைச் சலித்து மேலே அனுப்பும் சின்ன ஆபீஸ் அது. பதினாறு வருஷமாகச் சலிப்பவன் வின்சென்ட். மூன்று பேர் ஒரே சேதி சொன்னால் ‘உறுதி’ என்று முத்திரை குத்துவான். ரப்பர் தேய்ந்து இரண்டு முத்திரை மாற்றியாகிவிட்டது.

ஆகஸ்டில் அவனுடைய அக்கா ரீத்தாவின் புருஷன் மிக்கேல் மீன்பிடிக்கப் போய்த் திரும்பவில்லை.

மீன்பிடிக்கிற அவர்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போனவன் வராத வீட்டுக்கு யாரும் வெறும் வாயோடு போவதில்லை. எங்கோ பார்த்தார்களாம் என்று ஒரு சேதியைச் சொல்லிப் பெண்களைச் சாப்பிட வைப்பார்கள். அப்படிப் பார்க்கப்பட்டவர்கள் எல்லாரும் கரையேறினால் தீவில் நிற்க இடம் இருக்காது.

இரண்டாம் நாள் வின்சென்டும் போனான்.

“ஹேவ்லாக் பக்கம் மச்சான் படகைப் பார்த்தாங்களாம் அக்கா. எஞ்சின் கோளாறாம். நீ சாப்பிடு.”

“யாருல பார்த்தா?”

“படகு ஜெட்டில பேசிக்கிட்டாங்க.”

ரீத்தா சாப்பிட்டாள்.

மறுநாள் மேஜையில் மூன்று தகவல். ஐஸ்காரர், ஆட்டோக்காரர், கப்பல் டிக்கெட் கொடுப்பவர். ஒருவரை ஒருவர் அறியாத மூவரும் ஹேவ்லாக் என்றார்கள். ஆட்டோக்காரர் நீலத் தார்ப்பாய் என்றும் சேர்த்திருந்தார். மிக்கேலின் படகில் நீலத் தார்ப்பாய்தான். தீவில் பாதிப் படகுகளில் அதேதான் என்பது வின்சென்டுக்கு அப்போது தோன்றவில்லை. தான் சொன்ன பொய்யை மாதா மெய்யாக்கிவிட்டாள் என்று சிலுவை போட்டுக்கொண்டு முத்திரையைக் குத்தினான். தெற்கே தேடிக்கொண்டிருந்த இரண்டு படகுகளும் ஹேவ்லாக் பக்கம் திரும்பின.

ஒன்பதாம் நாள் மிக்கேலின் படகு தெற்கே கார் நிக்கோபார் அருகே கிடைத்தது. படகு மட்டும்.

ஆபீஸ் வேலையைச் சீர்படுத்த மெயின்லாண்டிலிருந்து நீலாவதி என்ற அதிகாரி வந்தார். அந்த மூன்று தகவலையும் எடுத்து, அவை வந்த வழியிலேயே பின்னோக்கிப் போனார்.

“ஐஸ்காரருக்கு யார் சொன்னது?”

“அவர் சம்சாரம், மேடம்.”

“அவங்களுக்கு?”

“பக்கத்து வீட்டு ரீத்தா.”

மற்ற இரண்டும் அதே வீட்டில்தான் போய் நின்றன.

“ரீத்தாவுக்கு?”

வின்சென்ட் ஃபேனைப் பார்த்தான். அது உதவவில்லை.

“நான்தான், மேடம்.”

நீலாவதி திட்டவில்லை. “அப்ப மூணு பேர் சொல்லல வின்சென்ட். ஒரே ஆள் மூணு தடவை சொல்லியிருக்கார்.” தகவல் படிவத்தில் ‘முதலில் சொன்னவர்’ என்று புதுக் கட்டம் போட வைத்தார். அதில் ஏறிய முதல் பெயர் வின்சென்டுடையது. “இது வெளியே போகாது. அக்காகிட்ட சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்,” என்றார்.

அன்று சாயங்காலமே போய் எல்லாவற்றையும் சொன்னான். ரீத்தா அழவில்லை.

“தெக்கேயே தேடியிருந்தா கிடைச்சிருப்பாராடே?”

மாட்டார் என்று சொல்ல நாக்கு துடித்தது. அந்த வீட்டில் அதைச் சொல்வதுதான் மரியாதையும்கூட.

“தெரியாது அக்கா.”

“நாளைக்கும் கேப்பேன்,” என்றாள்.

கேட்டாள்.