தட்டாமல் விட்ட இடம்

கத்தரீனா வள்ளம் பார்க்கக் கூப்பிட வந்தபோதே, இது வில்லங்கம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் வாங்க நினைத்தது செபமாலையின் வள்ளத்தை. செபமாலை என் மனைவியின் தமையன். நான் பைபர் வள்ளங்கள் திருத்துகிற கொட்டில் நிற்பதும் அவருடைய காணிக்குள்தான்.

"இவர் சம்மாட்டி முதலாளியின்ரை வள்ளத்திலை விடியவே கடலுக்குப் போயிட்டார் அண்ணை. மத்தியானத்துக்கு முன்னம் முடிவு சொல்லாட்டில் செபமாலை அண்ணை வேறை ஆக்களுக்குக் குடுத்திடுவாராம். நீங்கள் ஒருக்கால் பாத்துச் சொன்னால் காணும்" என்றாள்.

அவள் புருசன் றமேஸ் பத்து வருசமாக அடுத்தவன் வள்ளத்தில் தொழில் செய்பவன். இப்போதுதான் சொந்தமாக ஒன்று வாங்கத் துணிந்திருக்கிறார்கள். வரமுடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மணற்காட்டுக் கரையில் என்னைக் கேட்காமல் எவனும் பழைய வள்ளம் வாங்கமாட்டான் என்று தேத்தண்ணிக் கடையில் நானே பீற்றிக்கொண்டவன். மாட்டிக்கொண்டேன்.

விசயம் இதுதான். அந்த வள்ளத்தில் எஞ்சின் பூட்டுகிற பின்பலகை உள்ளே தண்ணீர் குடித்து உக்கிப்போயிருந்தது. ஆழக்கடலில் அது எஞ்சினோடு பிய்ந்து போனால் ஆள் தப்பமாட்டான். மூன்று மாதத்துக்கு முன், கழற்றிப் புதுப்பலகை வைப்போம் என்று சொன்னேன். "மேலாலை பைபரைப் போட்டு மூடு மச்சான், நான் கரையோரமாத்தானே ஓடுறன்" என்றார் செபமாலை. மூடினேன். மேலே நீலப் பெயின்ற் அடித்தேன். அவர் விற்கப்போகிறார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் மூடித்தான் இருப்பேன், பொய் ஏன் சொல்லவேண்டும்?

கரையில் கிடந்த வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில் தொடங்கினேன். பத்து ரூபாக் குத்திக்காசு ஒன்றை எடுத்து, சாணுக்கு ஒருமுறை தட்டிக்கொண்டு வந்தேன். கத்தரீனா பக்கத்திலேயே வந்தாள்.

"ஏன் அண்ணை தட்டுறியள்?"

"டக்கெண்டு கேட்டால் நல்லது பிள்ளை. பொத்தெண்டு கேட்டால் உள்ளுக்கை உக்கல்."

குனிந்து அடிப்பக்கத்தைத் தடவினேன். வெடிப்பில்லை. வள்ளத்தில் எழுதியிருந்த நம்பரைப் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தேன். எல்லாம் சரி. செபமாலை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "மச்சானெண்டு பாக்காதை, நல்லா வடிவாப் பார்" என்று கரை முழுக்கக் கேட்கச் சத்தம் போட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பின்பக்கம் வந்ததும் எஞ்சின் கயிற்றை இழுத்தேன். ஒரே இழுப்பில் பிடித்தது. நிறுத்திவிட்டுக் காசைச் சேட்டுப் பொக்கற்றில் போட்டேன்.

"எல்லாம் ஒழுங்காத்தான் இருக்குது, பிள்ளை."

அவள் அசையவில்லை. "உந்தக் காசை ஒருக்கால் தாங்கோ அண்ணை."

"ஏன்?"

"எல்லா இடமும் தட்டினியள். உந்தப் பலகையிலை மட்டும் தட்டேல்லை."

காசைக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய? அவள் குனிந்து தட்டினாள். பொத். கொஞ்சம் தள்ளித் தட்டினாள். பொத். நான் கற்றுக்கொடுத்து அரை மணித்தியாலம் ஆகவில்லை.

"அது பெயின்ற் தடிப்பு" என்றார் செபமாலை. இரண்டு பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

"பெயின்ற் இல்லை. பலகை உக்கிப்போச்சு. நான்தான் மூடினனான்" என்றேன்.

செபமாலை காறித் துப்பினார். "இண்டைக்கே உன்ரை கொட்டிலைப் பிரிச்சுக்கொண்டு போ" என்றுவிட்டு நடந்தார். போகட்டும். இனி என்ன வரக் கிடக்கிறது என்று மூச்சு விட்டேன். உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கத்தரீனாவின் முகம் அப்போதுதான் மாறியது.

"இவர் போயிருக்கிற வள்ளத்துக்கும் போன மாசம் நீங்கள்தானே பின்பலகை போட்டனீங்கள்?"

"ஓம் பிள்ளை. அது புதுப்பலகை. ஒழுங்காச் செய்தனான்."

"இதையும் ஒழுங்கெண்டுதானே சொன்னனீங்கள்?"

அது புதுப்பலகைதான். நெல்லியடிக்குப் போய் நானே பார்த்து எடுத்தது. மூன்று படை பைபர் போட்டு, மூன்று நாள் காயவிட்டுத்தான் எஞ்சின் பூட்ட விட்டேன். அத்தனையும் உண்மை. அவளிடம் சொன்னேன், இரண்டு தரம் சொன்னேன். அவள் கடலைப் பார்த்தபடி மணலில் குந்திவிட்டாள்.

வள்ளங்கள் கரைக்கு வர இன்னும் ஒரு மணித்தியாலமாவது ஆகும். கொட்டில் பிரிக்கக் கிடந்தது. வீட்டுக்குப் போய் மனைவிக்கும் பதில் சொல்லவேண்டும். ஆனால் அவளை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியவில்லை. நானும் நாலு முழம் தள்ளிக் குந்தினேன். காற்று எழும்பியது. றமேஸ் போன வள்ளத்தில் பலகை இறுக்கிய ஆணிகளை ஒவ்வொன்றாக மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஒன்றையும் விடவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

தூரத்தில் ஒரு வள்ளம் தெரிந்தது.

"அது றமேஸ் போன வள்ளம் இல்லை, பிள்ளை" என்றேன்.

அவள் எழுந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து, தானே பார்த்தாள்.