வார்டன் ஊதிய குழாய்

எங்கள் கோயமுத்தூர் ஹாஸ்டலில் குடித்தவனைக் கண்டுபிடிக்கும் கருவி, வார்டன் பாலகோபாலின் மூக்கு. தினமும் காலையில் வரிசையாக நின்று அதன் முன்னே ஊத வேண்டும்.

முந்தின இரவு கள் குடித்தவன் நான். ஏலக்காயை மென்றுகொண்டு ஊதினேன். மூக்கு என்னைப் போகச் சொன்னது. அடுத்து நின்ற மாசாணம், அவன் அம்மா கொடுத்தனுப்பிய புளித்த கம்மங்கூழைக் குடித்துவிட்டு வந்திருந்தான்.

"கூழுங்க சார்."

"பண்ணையாளு மகன் நீ, கூழா குடிச்சிருப்பே? கள்ளுதான். மூட்டையக் கட்டு."

குடித்தவன் நான்தான் என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் ஏலக்காய் வாசம் போய்விடுமே என்று மூடிக்கொண்டேன். மாசாணம் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோபிசெட்டிபாளையத்துக்குப் போனான். ஹாஸ்டல் இல்லாவிட்டால் அவனுக்குப் படிப்பும் இல்லை.

அன்றே பழிவாங்குவதென்று முடிவு செய்தேன். என்னையல்ல, வார்டனை. அதுதான் சௌகரியம்.

ரசாயன வகுப்பில் ஓர் ஆரஞ்சு நிறத் திராவகம் உண்டு. குடித்தவன் குழாய் வழியே அதில் ஊதினால் பச்சையாகும். மூன்று வாரம் விஞ்ஞானத்துக்காகக் குடித்து, மணிக்கொரு தரம் ஊதிக் குறித்துவைத்தேன். அரை சீசா கள் நாலு மணி நேரம் பச்சை காட்டியது. வார்டன் மதியச் சாப்பாட்டுக்குப் பின் தம்ளர் நிறையக் குடிக்கும் திராட்சாரிஷ்டம் என்ற புளிக்கவைத்த மருந்தையும் அவர் அலமாரியிலிருந்து திருடிச் சோதித்தேன். இரண்டு மணி நேரம் தாங்கியது.

கல்லூரிக் கண்காட்சியை மதியம் இரண்டு மணிக்கு வைத்தார்கள். அதில் என் திராவகத்தையும் குழாய்களையும் வைத்தேன். பிரின்சிபால் முன்னால் மாசாணத்தை வரவழைத்து, அதே புளித்த கூழைக் குடிக்கவைத்து ஊதச் சொன்னேன். திராவகம் ஆரஞ்சாகவே இருந்தது.

வார்டன் சிரித்தார். "எவன் ஊதினாலும் இது மாறாதுடா, கந்தப்பா. குடிச்சவன் ஒருத்தன் ஊதட்டும், அப்ப நம்பறேன்."

இப்படிக் கேட்பார் என்று தெரிந்துதான் ஒரு மணிக்கே குடித்துவிட்டு வந்திருந்தேன். புதுக் குழாயில் ஊதினேன். பச்சை.

"அன்னிக்குக் கள்ளுக் குடிச்சவனும் நானுங்க சார். இப்ப நீங்க ஊதுங்க."

"நான் எதுக்குடா?"

"ஊதுங்க, பாலகோபால்," என்றார் பிரின்சிபால்.

ஊதினார். என்னுடையதைவிட நல்ல பச்சை. சத்தியமங்கலத்து மலையில் மழை பெய்த மாதிரி.

"அரிஷ்டமுங்க... செரிமானத்துக்கு..."

மாசாணம் அப்போதுதான் வாயைத் திறந்தான். "கூழுன்னு நான் சொன்னப்போ கேட்டீங்களாங்க சார்?"

சாயங்காலம் அவன் பெட்டி ஹாஸ்டலுக்குள் வந்தது. என் பெட்டியும் வார்டன் பெட்டியும் வெளியே போயின. ஸ்டேஷனுக்கு ஒரே ஜட்காதான் கிடைத்தது. வழியெல்லாம் அவர் உள்ளங்கையில் ஊதி ஊதி முகர்ந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

நான் ஏலக்காயை நீட்டினேன்.